"சேர்க்கலாம்"னு சொன்னதை "சேர்க்கணும்"னு எடுத்துக்கிட்டோம் – பையனை ஒரு வருஷம் முன்னாடியே கிரேடு ஆர்ல போட்ட கதை

தென்னாப்பிரிக்கால டர்பன்ல சின்னப் பிள்ளைய வச்சுக்கிட்டு, கிரேடு ஆர்ல (ஒண்ணாம் கிளாஸுக்கு முந்தின வருஷம், நம்ம யுகேஜின்னு வச்சுக்கோங்க) இந்த வருஷமே போடலாமா அடுத்த வருஷம் போடலாமான்னு யோசிச்சிட்டு இருக்கிற நம்ம ஆளுங்க யாராவது இருந்தா அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். எங்களுக்கு அந்த நேரத்துல சொல்றதுக்கு யாருமே இல்ல. ஊர்ல கேட்டா ஊர் வழக்கத்தைச் சொன்னாங்க, ஸ்கூல்ல கேட்டா ரூலைச் சொன்னாங்க, பிள்ளைய நேர்ல பார்த்து "இவனுக்கு இன்னும் கொஞ்சம் டைம் குடுங்க"ன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல. அதுக்கு நாங்க மூணு வருஷமும் 57,000 ராண்டும் குடுத்திருக்கோம், அதை விட என் பையன் குடுத்தது ஜாஸ்தி.

பையன் 2018 மே மாசம் பொறந்தவன். இங்க ஸ்கூல் வருஷம் ஜனவரில ஆரம்பிச்சு டிசம்பர்ல முடியும். ஜூன் 30க்குள்ள 5 வயசு முடியுற பிள்ளைய அந்த வருஷம் ஜனவரியிலயே கிரேடு ஆர்ல சேர்க்கலாம்ங்கிறது ரூல். அதே மாதிரி ஜூன் 30க்குள்ள 6 முடிஞ்சா கிரேடு 1. எங்க பையனுக்கு 2023 மே மாசம் 5 முடியுது, அப்போ 2023 ஜனவரியில சேர்க்கலாம். நாங்க அவ்வளவுதான் படிச்சோம். அந்த ரூல்ல இருக்கிறது "இதுக்குக் கம்மியா இருந்தா சேர்க்க முடியாது"ங்கிற கீழ் எல்லை, அவ்வளவுதான். இங்க பெரும்பாலான பிள்ளைங்க 6 வயசு ஆகுற வருஷத்துலதான் கிரேடு ஆர், 7 ஆகுற வருஷத்துலதான் கிரேடு 1 போறாங்கங்கிறது எங்களுக்குத் தெரியவே தெரியாது, யாரும் சொல்லவும் இல்ல, நாங்களும் கேக்கல.

ஏன் கேக்கலன்னா, எங்க மனசுல ஏற்கனவே பையன் லேட்டுன்னு ஒரு பயம் உக்காந்திருந்தது. திருச்சில என் அக்கா பையன் மூணரை வயசுல எல்கேஜி, நாலரைல யுகேஜி. என் பையன் நாலு வயசு தாண்டி கிரெஷ்ல மண்ணுல விளையாடிட்டு வரான். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வீடியோ கால்ல அத்தை கேப்பாங்க, "இன்னும் ஏபிசிடி எழுத ஆரம்பிக்கலையாம்மா?" அவங்க தப்பா கேக்கல, அவங்க பார்த்த உலகம் அது. ஆனா எனக்கு ஃபோனை வச்சதும் வயித்தைப் பிசையும். நாளைக்கு ஊருக்கே திரும்பிப் போயிட்டா இவன் வயசுப் பசங்க எல்லாம் மேல் கிளாஸ்ல இருப்பாங்களேன்னு எங்க வீட்டுக்காரருக்கு வேற கவலை. இப்போ யோசிச்சா, ஊர்லயே கேந்திரிய வித்யாலயால 2022-23லேருந்து ஒண்ணாம் கிளாஸுக்கு 6 வயசு ஆகணும்னு மாத்திட்டாங்க. அது போக அங்க ஜூன்ல ஸ்கூல் திறக்குது இங்க ஜனவரில, எப்படிப் போனாலும் அரை வருஷம் முன்னயோ பின்னயோதான் வரும். இல்லாத பஸ்ஸைப் பிடிக்க பிள்ளைய ஓட விட்டுட்டோம்.

பக்கத்துல இருக்கிற ஒரு கவர்மென்ட் பிரைமரி ஸ்கூல்ல, ஃபீஸ் கட்டுற ஸ்கூல்தான், ஃபார்ம் வாங்கினோம். பர்த் சர்டிபிகேட், தடுப்பூசி போட்ட ரோட் டு ஹெல்த் புக், அட்ரஸ் ப்ரூஃப் எல்லாம் குடுத்தோம். ஆபீஸ்ல இருந்தவங்க தேதியைப் பார்த்துட்டு "யெஸ், ஹி குவாலிஃபைஸ்"னு சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு எங்க பையன் எதோ பாஸ் பண்ணிட்ட மாதிரி எனக்கு சந்தோஷம். கவர்மென்ட் ஸ்கூல்ல அட்மிஷனுக்கு டெஸ்ட் வைக்கக் கூடாதுன்னு இங்க சட்டமே இருக்கு, அது நல்ல சட்டம், ஆனா அதனால சேர்க்கும்போது பிள்ளை ரெடியா இல்லையான்னு ஸ்கூல் பார்க்காது, அந்த வேலை முழுக்க நம்ம தலைலதான்னு அப்போ புரியல.

2023 ஜனவரி. டர்பன் ஜனவரி எப்படி இருக்கும்னு இங்க இருக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டாம், காலைல ஏழு மணிக்கே சட்டை உடம்போட ஒட்டும். அந்த வருஷம் லோட்ஷெடிங் வேற, அதாவது முறை வச்சு கரண்ட்டை நிறுத்துறது, உச்சத்துல இருந்தது, பாதி நாள் கரண்ட் இல்லாம எழுப்பி, கேஸ் அடுப்புல பால் காய்ச்சி, ஃபேன் இல்லாம தூங்கின பிள்ளைய ஏழரைக்கு கேட்ல விட்டுட்டு வருவேன். நாலு வயசு எட்டு மாசம். முதல் ரெண்டு வாரம் அழுதான், எல்லாப் பிள்ளையும் அழும்னு நினைச்சேன். மூணாவது வாரத்துல மத்த பிள்ளைங்க நிறுத்திட்டாங்க, இவன் நிறுத்தல. மார்ச்ல அழறதை நிறுத்தினான், ஆனா பேசுறதையும் சேர்த்து நிறுத்திட்டான். ஒவ்வொரு நாளும் பைக்குள்ள பிளாஸ்டிக் கவர்ல ஈர டிரவுசர் இருக்கும். வீட்டுல ரெண்டு வயசுலயே டாய்லெட் பழகின பையன். பெல்ட் கழட்டத் தெரியாம, இங்கிலீஷ்ல கேக்கவும் தெரியாம அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கான். பதினோரு மணிக்கு பாய்ல எல்லாரையும் உக்கார வச்சு கதை சொல்லும்போது தூங்கிடுறான்னு டீச்சர் டைரில எழுதி விட்டாங்க. இதெல்லாம் ஒண்ணொண்ணா வந்ததால எனக்கு மொத்தமா கண்ணுல படல.

கண்ணுல பட்டது மே மாசம் அவன் பொறந்தநாள் அன்னைக்கு. கிளாஸுக்கு கப்கேக் செஞ்சு எடுத்துட்டுப் போனேன். அதே வாரம் இன்னொரு பையனுக்கும் பர்த்டே, டீச்சர் ரெண்டு பேரையும் சேர்த்து நிக்க வச்சு பாட்டுப் பாட வச்சாங்க. என் பையன் கேக்ல 5, அந்தப் பையன் கேக்ல 6. அவன் தோள் உயரம்தான் இருந்தான் இவன். சுவத்துல ரயில் மாதிரி பர்த்டே சார்ட் ஒட்டியிருந்தாங்க, ஒவ்வொரு பெட்டியிலயும் பேரும் பொறந்த வருஷமும். நின்னு எண்ணினேன். 28 பிள்ளைங்கள்ல 24 பேர் 2017. ஒரு பொண்ணு 2017 ஜனவரி, என் பையனை விட 16 மாசம் பெரியவ. அஞ்சு வயசுல 16 மாசம்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க, அவன் வாழ்ந்த வாழ்க்கைல நாலுல ஒரு பங்குக்கு மேல. கார்ல வந்து உக்காந்து ரொம்ப நேரம் ஸ்டார்ட் பண்ணவே இல்ல.

அதனால ஃபார்ம் போடுறதுக்கு முன்னாடி நீங்க கேக்க வேண்டிய முதல் கேள்வி ஃபீஸ் எவ்வளவுங்கிறது இல்ல, "இப்போ இந்த கிளாஸ்ல இருக்கிற பிள்ளைங்க எந்த வருஷம் பொறந்தவங்க, எத்தனை பேர் இந்த வருஷம் 5 ஆகுறவங்க, எத்தனை பேர் 6 ஆகுறவங்க"ங்கிறதுதான். பேர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் கேளுங்க, சொல்லுவாங்க. அப்புறம் கிளாஸை ஒரு தடவை போய்ப் பாருங்க, ஆனா ஓப்பன் டே அன்னைக்கு இல்ல, காலைல எட்டு மணிக்கும் இல்ல, பதினொன்றரைக்குப் போங்க. எட்டு மணிக்கு எல்லாப் பிள்ளையும் நல்லாத்தான் இருக்கும். ஸ்கூல்ல விடுவாங்களான்னு கேட்டா சில ஸ்கூல்ல விடுறாங்க. வீட்டுல ஒரு வாரம் பாருங்க, பெல்ட் ஜிப் தானா கழட்டிப் போடுறானா, டப்பா தானா திறந்து சாப்பிடுறானா, நீங்க பக்கத்துல இல்லாதப்போ தெரியாத பெரியவங்ககிட்ட போய் "எனக்கு இது வேணும்"னு அந்த ஊர் பாஷைல கேக்குறானா, மத்தியானம் தூங்காம சாயங்காலம் வரைக்கும் தாங்குறானா. எழுத்து தெரியுமா, நூறு வரைக்கும் எண்ணுவானாங்கிறது எல்லாம் இதுக்கு அப்புறம். என் பையன் நூறு வரைக்கும் எண்ணுவான், அதை வச்சுத்தான் நாங்க ஏமாந்தோம்.

ஜூன் மாசம் டீச்சர் கூப்பிட்டுப் பேசினாங்க. ரொம்ப அன்பானவங்க, அவங்க மேல எனக்கு இன்னைக்கும் கோபம் இல்ல, ஆனா அவங்க சொன்ன ஒரு விஷயத்தை நாங்க கேட்டிருக்கக் கூடாது. வீட்டுல தமிழை நிறுத்திட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்கன்னு சொன்னாங்க. நாலு மாசம் அப்படிச் செஞ்சோம். என் இங்கிலீஷ் ஆபீஸ் இங்கிலீஷ், பிள்ளைய மடில போட்டுக் கொஞ்சுற இங்கிலீஷ் எனக்கு வராது. "என் தங்கமே"க்கு பதிலா என்ன சொல்றதுன்னு தெரியாம சும்மா தலையத் தடவுவேன். வீட்டுல சத்தமே இல்லாமப் போச்சு. ராத்திரி கதை நின்னுச்சு. எதிர் வீட்டு ஆன்ட்டி டர்பன்லயே நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற சாட்ஸ்வொர்த்ல பொறந்து வளர்ந்தவங்க, கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்களோட நாலாவது தலைமுறை. அவங்களுக்கு முருகன் பாட்டு மனப்பாடமா வரும், ஆனா ஒரு வாக்கியம் தமிழ்ல பேச வராது, பாட்டையே இங்கிலீஷ் எழுத்துல எழுதி வச்சுத்தான் காவடிக்குப் பாடுவாங்க. நான் பையன்கிட்ட இங்கிலீஷ்ல தடுமாறுறதை ஒரு நாள் கேட்டுட்டு என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. "எங்க அம்மாகிட்டயும் இதைத்தான் சொன்னாங்க, டார்லிங். இங்கிலீஷ் எப்படியும் வந்திருக்கும். போனது திரும்பி வரல"ன்னாங்க. அன்னைக்கு ராத்திரியே தமிழ்ல கதை சொன்னேன், அவன் என் வாயையே பார்த்துட்டு இருந்தான். ரெண்டு பாஷை கேட்டு வளர்றதால பிள்ளைக்குப் பேச்சு தடைப்படாதுன்னு பின்னால ஸ்பீச் தெரபிஸ்ட்டும் தெளிவாச் சொன்னாங்க. யாராவது உங்ககிட்ட தமிழை நிறுத்தச் சொன்னா நிறுத்தாதீங்க, அதுக்குப் பதிலா காலைல ரெண்டு மணி நேரம் இங்கிலீஷ் பேசுற பிள்ளைங்களோட விளையாட விடுங்க. இந்த நாட்டு அரசியல் சட்டத்துலயே மதிச்சு வளர்க்க வேண்டிய மொழிகள்னு போட்ட லிஸ்ட்ல தமிழ் பேர் இருக்கு, நம்ம வீட்டுல இல்லாமப் போயிடக் கூடாது.

அதே மீட்டிங்ல பென்சில் பிடிக்கிறது சரியில்ல, சேர்ல நிமிர்ந்து உக்கார முடியல, லோ மசில் டோன், அதாவது தசை தளர்வா இருக்கிற மாதிரி இருக்கு, ஓ.டி.க்குப் போங்கன்னாங்க, அதாவது ஆக்குபேஷனல் தெரபி, பிள்ளைய அன்றாட வேலைகளுக்குப் பழக்குற பயிற்சி. ஒரு தடவைக்கு 620 ராண்ட். மெடிக்கல் எய்ட் (இங்க ஹெல்த் இன்ஷூரன்ஸ் மாதிரி) சேவிங்ஸ்ல அந்த வருஷத்துக்கு இருந்த காசு எங்களுக்கு ஏற்கனவே தீர்ந்திருந்தது, கைக்காசுல 19 தடவை போனோம், 11,780. அப்புறம் சைக்காலஜிஸ்ட்கிட்ட ஸ்கூல் ரெடினஸ் அசெஸ்மென்ட், 5,200. அந்த ரிப்போர்ட்ல கடைசில என்ன எழுதியிருந்தாங்கன்னா, பையனுக்கு அவன் வயசுக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு, அவன் உக்காந்திருக்கிற கிளாஸ்தான் அவன் வயசுக்கு இல்லன்னு. ஐயாயிரம் ராண்ட் குடுத்து அந்த பர்த்டே சார்ட்டைத் திரும்பப் படிச்சோம். ஓ.டி. தேவைப்படுற பிள்ளைங்க நிஜமாவே இருக்காங்க, அவங்களுக்குப் பெரிய உதவி அது. ஆனா பிள்ளைய வயசுக்கு மேல இருக்கிற கிளாஸ்ல வச்சுட்டு அதுக்கப்புறம் குறை தேடினா கண்டிப்பாக் கிடைக்கும், அதனால தெரபி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி "இவன் வயசுல இருக்கிற பிள்ளையோட ஒப்பிட்டா எப்படி, இந்த கிளாஸோட ஒப்பிட்டா எப்படி"ன்னு ரெண்டையும் தனித்தனியாக் கேளுங்க.

அப்பவே, 2023 டிசம்பர்ல, அவனை இன்னொரு வருஷம் கிரேடு ஆர்லயே விடச் சொல்லி சண்டை போட்டிருக்கணும். போடல. ஸ்கூல்ல "போகப் போகச் சரியாகிடும்"னாங்க, எங்களுக்கும் அதை நம்பத்தான் ஆசை. 2024 ஜனவரி கிரேடு 1, அஞ்சு வயசு எட்டு மாசம். இங்க முதல் கிளாஸ்ல வாரத்துக்கு 23 மணி நேரம் பாடம், அதுல 7 மணி நேரம் கணக்கு. அவங்க ஸ்கூல்ல ரெண்டாவது மொழி ஆஃப்ரிகான்ஸ். எல்லாத்தையும் விட என்னை வருத்தினது ஒரு வார்த்தை. ரிப்போர்ட் கார்டுல முதல் பாடம் "ஹோம் லாங்குவேஜ்"னு இருக்கும், அது இங்கிலீஷ். அவன் வீட்டுல பேசாத பாஷை அவனோட வீட்டு பாஷைன்னு போட்டு அதுல மார்க். கிரேடு 1லேருந்து 2க்குப் போக ஹோம் லாங்குவேஜ்ல 7க்கு குறைஞ்சது 4 வரணும், கணக்குல 3. அவனுக்குக் கணக்குல 4, ஹோம் லாங்குவேஜ்ல 3. ஜூன்லேருந்து வாரத்துக்கு ரெண்டு நாள் டியூஷன், ஒரு தடவை 250, மொத்தம் 56 தடவை, 14,000. ஸ்கூல் விட்டு ஒன்றரைக்கு வந்து, சாப்பிட்டு, மூணு மணிக்கு மறுபடி டியூஷன். ஆறு வயசுப் பிள்ளை. ஒரு நாள் டியூஷன் வீட்டு வாசல்ல கார்லேருந்து இறங்கவே மாட்டேன்னு சீட் பெல்ட்டைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டான். நான் விரலை ஒண்ணொண்ணாப் பிரிச்சு எடுத்தேன். அதை நினைச்சா இப்பவும் எழுத முடியல.

நவம்பர்ல கூப்பிட்டு ரிப்பீட் பண்ணணும்னு சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் அன்னைக்கு முதல் தடவை அழுது பார்த்தேன். ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, ஃபவுண்டேஷன் ஃபேஸ்னு சொல்ற ஆரம்பக் கட்டத்துல, கிரேடு 1லேருந்து 3 வரைக்கும், ஒரு பிள்ளைய ஒரே ஒரு தடவைதான் நிறுத்தி வைக்கலாம். எங்க பையனுக்கு அந்த ஒரு தடவை முடிஞ்சு போச்சு, இனிமே கிரேடு 2ல நிஜமாவே ஏதாவது கஷ்டம் வந்தாலும் அந்தக் கதவு இல்ல. அவசரப்பட்டு சேர்க்கிறவங்க யாரும் இந்தக் கணக்கைப் போடுறதில்ல. இதையெல்லாம் விட, காத்திருந்து சேர்த்திருந்தா அவன் 2025ல எந்த கிளாஸ்ல இருந்திருப்பானோ அதே கிளாஸ்லதான் கடைசில இருந்தான். திரும்ப ஒரு வருஷ ஃபீஸ் 26,500. நான் மேல சொன்ன எல்லாம் கூட்டினா 57,480. ரெண்டு வருஷம் ஆபீஸ்ல மத்தியானம் லீவ் போட்டதுல போன சம்பளத்தை இதுல சேர்க்கவே இல்ல.

நிறுத்தி வச்சா பிள்ளை மனசு உடைஞ்சிடுமேன்னு கேப்பீங்க. உடைஞ்சதுதான். பழைய ஃபிரண்ட்ஸ் எல்லாம் அடுத்த ரூம், பிரேக்ல அவங்க லைன்ல போய் நின்னான், டீச்சர் கையப் பிடிச்சு திருப்பி அனுப்பினாங்க. "நான் பேட் பாயாம்மா?"ன்னு கேட்டான். நாங்க சொன்னது உண்மையை: "நீ தப்பு பண்ணலடா கண்ணா, அப்பாவும் அம்மாவும் உன்னை சீக்கிரம் அனுப்பிட்டோம், தப்பு எங்களோடது." இதைப் பல தடவை சொன்னோம். வேற ஏதாவது கதை சொல்லிச் சமாளிக்காதீங்க, பிள்ளைக்குத் தெரிஞ்சிடும். முடிஞ்சா வேற டீச்சர் கிளாஸ்ல போடச் சொல்லிக் கேளுங்க, அதே சுவர், அதே புக், அதே டீச்சர்னா ரொம்பக் கஷ்டம், நாங்க கேட்டோம், மாத்திக் குடுத்தாங்க. ரெண்டாவது டெர்ம்லயே வித்தியாசம் தெரிஞ்சது. 2025 டிசம்பர் ரிப்போர்ட்ல ஹோம் லாங்குவேஜ்ல 6. எங்களுக்கு அந்த நம்பரை விட, இப்போ ஸ்கூல்லேருந்து வந்து கார்ல ஏறினதும் மூச்சு விடாம பேசுறான், அதுவும் தமிழ்ல, அதுதான்.

எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும்னு நான் சொல்லல. எங்க ஃபிரண்ட் ஒருத்தங்க பொண்ணு ஏப்ரல்ல பொறந்தவ, அவளும் இதே மாதிரி சீக்கிரம் போனா, நல்லாப் போறா. அவ ரெண்டு வயசுலேருந்து இங்கிலீஷ் கிரெஷ், அதே ஸ்கூல்ல மூணு கிளாஸ் மேல அண்ணன், இயல்பாவே போய்ப் பேசுற குணம். சீக்கிரம் அனுப்பாட்டி வீட்டுல பார்த்துக்க ஆளில்ல, கிரெஷ் ஃபீஸ் கட்ட முடியலங்கிற குடும்பங்களும் இருக்கு, அது வேற நிலைமை, அவங்களை யாரும் குறை சொல்ல முடியாது. நாங்க அந்த நிலைமைல இல்ல, கிரெஷ்ல இன்னொரு வருஷம் நிம்மதியா விட்டிருக்கலாம்.

இப்போ புதுசா ஒரு குழப்பம் ஓடிட்டு இருக்கு. 2024ல வந்த பேலாங்கிற கல்விச் சட்டத் திருத்தத்துல கிரேடு ஆர் கட்டாயம்னு ஆக்கிட்டாங்க, அதனால நாலு வயசுலயே சேர்க்கணுமாமேன்னு கோயில்ல மூணு பேர் என்கிட்ட கேட்டுட்டாங்க. இல்ல. 6 வயசு ஆகுற வருஷத்து ஜனவரியிலேருந்துதான் கட்டாயம். ஜூன் 30க்குள்ள 5 ஆகுறவங்க சேரலாம்ங்கிறது இன்னும் "சேரலாம்"தான்.

என் பொண்ணு 2021 மார்ச். ரூல்படி 2026 ஜனவரியில கிரேடு ஆர் போயிருக்கலாம். 2025 ஏப்ரல்லயே ஸ்கூல்லேருந்து அண்ணனுக்குத் தங்கச்சின்னு சொல்லி ஃபார்ம் குடுத்து விட்டாங்க, நிரப்பாமத் திருப்பிக் குடுத்தோம், அடுத்த வருஷம் வரோம்னு சொன்னோம். போன ஞாயித்துக்கிழமை அத்தை கேட்டாங்க, "பாப்பாவுக்கு எப்போம்மா ஸ்கூல்?" "2027 ஜனவரி அத்தை." கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "சரிம்மா, அவகிட்ட ஃபோனைக் குடு, பேசணும்"னாங்க. பொண்ணு மண்ணுக் கையோட ஓடி வந்து ஃபோனை வாங்கிட்டுப் போயிட்டா.